முதல் பிரசவத்துக்கு டூலா வைக்கலாமா? சேலத்தில் யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

தறிநாடா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். முதல் குழந்தை, எட்டாவது மாதம் நடக்கிறது. பி.பி., சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது. குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டதாகப் போன ஸ்கேனில் சொன்னார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு நிலவரம் இதுதான். வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை. வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். அம்மா ஏற்காட்டில், அப்பா அங்கே எஸ்டேட்டில் ரைட்டர். அம்மாவுக்கு முட்டி வலி, சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நிற்க முடியாது. அதைவிட, எனக்கு டி.டி. ஊசி போட்டதற்கே அழுத ஆள். மாமியார் இல்லை. வீட்டுக்காரரின் அத்தை ஒருவர் கொண்டலாம்பட்டியில் இருக்கிறார். மூன்று பிள்ளை பெற்றவர், எதற்கும் அசராதவர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு டூலாவிடம் (டாக்டரோ நர்ஸோ இல்லை, பிரசவ வலியின்போது கூடவே இருந்து துணை செய்யப் பயிற்சி எடுத்தவர்) போனில் பேசினேன். கோயம்புத்தூர்க்காரர். முன்கூட்டியே ஆன்லைனில் சில வகுப்புகள், வலி எடுத்ததும் புறப்பட்டு வந்து குழந்தை பிறக்கும்வரை கூடவே இருப்பது, பிறகு ஒருமுறை வீட்டுக்கு வந்து பால் கொடுக்க உதவுவது. இதற்கு 25,000 ரூபாய், போக்குவரத்து தனி. பேசிய விதம் பிடித்திருந்தது, அவசரப்படுத்தவும் இல்லை. ஆனால் வீட்டில் சொன்னால், "எதுக்கு? ஆஸ்பத்திரியில நர்ஸ் இல்லையா?" என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தச் செலவு தகுமா? அப்புறம் இன்னொன்று: வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவதென்றால் ஏற்காடு போக வேண்டும். அதுவும் இன்னும் முடிவாகவில்லை.

அழகாபுரம்_அம்மணி

இருபத்தைந்தாயிரமா? கையைப் பிடித்துக்கொள்வதற்கா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப் பிரசவம், டூலாவும் இல்லை ஒன்றும் இல்லை. பிரசவம் ஒரு நாள் கூத்து. அதற்குப் பிறகு வருகிற ஒரு மாதம்தான் ஆளைப் பிழிந்துவிடும். தையல் வலி, பால் கட்டிக்கொள்வது, ராத்திரி தூக்கம் கிடையாது. அந்தக் காசில் குழந்தை குளிப்பாட்ட ஒரு பாட்டியம்மாவையும், பத்தியச் சமையலுக்கு ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நேரத்துக்குக் கிடைத்தால் பாதி வலி போய்விடும். உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி என்றால் இது இன்னும் அவசியம்.

குளிப்பாட்ட வருகிறவர் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வந்தால் மட்டும் விடாதீர்கள். என் பிள்ளைக்கு டாக்டர் கண்டித்துச் சொன்னது அது.

பழைய_சிஸ்டர்

லேபர் வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பகுதி அரசு மருத்துவமனை, கடைசியில் கொஞ்ச காலம் தனியார். அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன் கண்ணு.

"நர்ஸ் இல்லையா?" என்பது நியாயமான கேள்விதான். இருக்கிறார்கள். ஆனால் ராத்திரி டூட்டியில் ஒரு சிஸ்டர் பல கட்டில்களைப் பார்ப்பார். குழந்தையின் துடிப்பு கேட்கணும், ட்ரிப்ஸ் எப்படி ஓடுகிறது என்று பார்க்கணும், கேஸ் ஷீட் எழுதணும், பக்கத்துக் கட்டிலில் தலை தெரிந்துவிட்டால் ஓடணும். டாக்டர் வந்து உள் பரிசோதனை செய்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கு" என்று போய்விடுவார். அந்த நேரம் முழுக்க உன்னோடு இருப்பது யார்? டூலாவின் வேலை அந்த இடத்தில்தான். மருத்துவம் பார்ப்பது அவள் வேலை இல்லை.

அழகாபுரம் அம்மணி சொல்வதுபோல வெறும் கையைப் பிடிக்கிற வேலையும் இல்லை. வலி பின்பக்கமாக இடுப்பைப் பிடிக்கும் சிலருக்கு. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் அகலமாக ஒரு எலும்பு இருக்கும். அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, நம் உடம்பு எடையையே சாய்த்து அழுத்த வேண்டும். தடவிக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். வலி ஏறும்போது அழுத்தி, இறங்கும்போது மெல்ல விட வேண்டும். வலி இல்லாத இடைவெளியில் கையை எடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் வீட்டு ஆட்களுக்கு வராது. "என்ன செய்யுது, என்ன செய்யுது" என்று கேட்டே ஆளைக் களைக்க வைத்துவிடுவார்கள். அடுத்த வலிக்கு மறுபடியும் அழுத்த வேண்டும். இப்படியே பல மணி நேரம். செய்தவளுக்கு மறுநாள் கையைத் தூக்க முடியாது. அப்புறம், படுத்தே கிடக்காமல் எழுந்து நடக்க வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, சிறுநீர் கழிக்க ஞாபகப்படுத்துவது. பை நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடையாக இருக்கும், இதை யாரும் நினைப்பதே இல்லை.

இனி மறுபக்கம். டூலா உள் பரிசோதனை செய்யக் கூடாது. மாத்திரை, கஷாயம் எதுவும் கொடுக்கக் கூடாது. "துடிப்பு நன்றாக இருக்கிறது, இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்" என்று சொல்லும் தகுதி அவளுக்கு இல்லை. டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால், ஏன் என்று நீ கேட்பதற்கு அவள் தைரியம் கொடுக்கலாம், உனக்குப் பதிலாக அவள் வாதாடக் கூடாது. அப்படி நடுவில் நின்று சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதில் நேரம் போனதுதான் மிச்சம். நர்ஸ், ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்கலாம். டூலாவுக்கு இங்கே அப்படி ஒரு அரசுப் பதிவோ உரிமமோ கிடையாது. எங்கே பயிற்சி எடுத்தார், எந்த ஊர் மருத்துவமனைகளில் கூட இருந்திருக்கிறார், அங்கே யாரிடம் விசாரிக்கலாம் என்று நீதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உன் மருத்துவமனையில் லேபர் ரூமுக்குள் கூட ஆள் விடுவார்களா? அது தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

எண்கணிதன்

ஆத்தூர் பக்கம் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மனைவியின் பிரசவத்துக்கு முன் இதைத் தோண்டித் துருவிப் படித்தேன். அவளுக்கு அதில் பெரிய உபயோகம் இருந்ததாகத் தெரியவில்லை, உங்களுக்காவது ஆகட்டும்.

பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் என்ன ஆகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 15,800க்கும் மேற்பட்ட பெண்கள். தொடர் துணை கிடைத்தவர்களுக்கு சிசேரியன் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் போலக் குறைந்தது. வலி மருந்தின் தேவையும் குறைந்தது. 1991இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 412 பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் பிரபலம்: டூலா இருந்தவர்களில் சிசேரியன் 8 சதவீதம், இல்லாதவர்களில் 18 சதவீதம்.

இதைப் பார்த்ததும் உடனே புக் செய்யத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். காக்ரேன் தொகுப்பிலேயே, துணைக்கு இருந்தது யார் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சிசேரியன் குறைவது மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் சொந்தக்காரராகவும் இல்லாமல் வருகிற டூலா மாதிரியானவர்களிடம்தான் தெளிவாகத் தெரிகிறது. வீட்டு மனிதர்கள் இருந்தால் தாய்க்குத் திருப்தி கூடுகிறது, சிசேரியனில் தெளிவான வித்தியாசம் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது வேறொரு ஆய்வு. 2006இல் வெளியானது, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்தது. முதல் பிரசவப் பெண்கள் 600 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே தேர்ந்தெடுத்த தோழி அல்லது உறவுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். அந்தத் துணைப் பெண்ணுக்கு இரண்டு மணி நேர வகுப்பு இரண்டு, அவ்வளவுதான் பயிற்சி. பிரசவ நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது, குழந்தைகளின் நிலையும் பிறந்தவுடன் சற்று நன்றாக இருந்தது. சிசேரியன் விகிதத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை.

உங்கள் கொண்டலாம்பட்டி அத்தைக்கு நாலு மணி நேரம் வகுப்பு எடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

அழகாபுரம்_அம்மணி

சார், அமெரிக்கா கணக்கெல்லாம் சரி. நம் ஊரில் தனியாரில் போனால் பாதிக்கு மேல் ஆபரேஷன். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் குடும்பமே போய்க் கேட்கிறது. "தண்ணி கம்மி", "கொடி சுத்தியிருக்கு" என்று சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? அங்கே டூலா என்ன செய்வார்?

எண்கணிதன்

சரியான கேள்வி. 2019–21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். ஹூஸ்டனில் துணையே இல்லாதவர்களுக்கு நடந்ததைவிட நம் அரசு மருத்துவமனையின் அளவே இரண்டு மடங்கு. மருத்துவமனையின் பழக்கமே ஆபரேஷனாக இருக்கும்போது, கட்டிலருகே இருக்கும் ஒருவரால் அதை எவ்வளவு மாற்ற முடியும்? ஆகவே டூலாவை விசாரிப்பதற்கு முன் மருத்துவமனையை விசாரியுங்கள். "முதல் பிரசவத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது?" என்று நேராகக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாவிட்டாலும், அந்தக் கேள்விக்கு டாக்டரின் முகம் எப்படி மாறுகிறது என்பதே ஒரு பதில்தான்.

வாழவந்தி_மிளகு

நான் மலைக்காரி. ஏற்காடு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இழையில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

தறிநாடா, ஒன்பதாம் மாதம் மேலே வராதீர்கள். தாய் வீடு என்கிற சாஸ்திரத்துக்காக அம்மாவைக் கீழே அழைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சாதாரணப் பிரசவத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷன், ரத்தம் ஏற்றுவது என்று வந்தால் பெரும்பாலும் சேலம் ஜி.எச்.சுக்குத்தான் அனுப்புவார்கள். அதற்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், வலியோடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது ஞாபகம் இருக்கும். குப்பனூர் பாதை இருக்கிறதே என்பார்கள். மழைக்கு அதுவும் மலைதானே?

எங்கள் பாட்டி மருத்துவச்சி. எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கும் அவர்தான் போவார். உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார வைத்து முக்கச் சொல்வாராம். சிஸ்டர் சொன்ன அந்த இடுப்பு அழுத்தம் பாட்டிக்கும் தெரியும், உள்ளங்கைக்குப் பதில் முழங்காலை வைத்து முட்டுக் கொடுப்பார். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டோலி கட்டி இறக்கும்போது பாதி வழியிலேயே உயிர் போன பெண்களின் கதையையும் அதே பாட்டிதான் சொன்னார். மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் தேதிக்கு முன்பே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறை ஏற்படுத்தியிருப்பது சும்மா இல்லை. மலையில் இருப்பவர்களையே முன்கூட்டி வந்துவிடச் சொல்கிறார்கள், நீங்கள் கீழேயிருந்து மேலே போவீர்களா?

மண்_மரபு

பிரசவம் ஒரு நோய் அல்ல. மருத்துவமனை என்பதே பயத்தை விற்கும் இடம். நல்ல டூலா ஒருவர் இருந்தால் வீட்டிலேயே

[இந்தப் பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. மருத்துவ உதவி இல்லாத வீட்டுப் பிரசவத்தைப் பரிந்துரைக்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. – நெறியாளர்]

பழைய_சிஸ்டர்

நெறியாளர் நீக்கியது நல்லது. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு தாய் இறந்தது ஊரறிந்த செய்தி. பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போக ஆரம்பித்தால், அதை நிறுத்த ஊசியும் ஆளும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நோயே இல்லாத பெண்ணுக்கும் அது வரும். டூலா என்ற பெயரில் யாராவது "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அந்த ஆளிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே.

ரெண்டாவது_ரவுண்டு

இந்த இழையில் டூலா வைத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. முதல் குழந்தை பெங்களூரில். இப்போது சூரமங்கலத்தில் இருக்கிறேன், இரண்டாவது ஆறாம் மாதம்.

என் கதையைக் கேட்டால் யாருடைய கட்சிக்கும் உதவாது. டூலா இருந்தும் கடைசியில் சிசேரியன்தான். வலி வந்து பாதி நாள் வீட்டில் அவரோடுதான் இருந்தேன். அந்த நேரம் அருமையாகப் போனது. சுடுதண்ணீரில் குளித்தேன், இட்லி சாப்பிட்டேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, அப்படியே ஒரு மணி நேரம் போன பிறகு கிளம்பினோம். இந்தக் கணக்கை முன்பே டாக்டரிடமும் கேட்டு வைத்திருந்தேன். மருத்துவமனைக்குப் போன சில மணி நேரத்தில் குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் டூலாவை விடவில்லை. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என் அம்மா அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்களாம்.

பணம் வீணா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபரேஷன் முடிந்து, தையலோடு பக்கவாட்டில் படுத்துப் பால் கொடுப்பது எப்படி என்று மறுநாள் வந்து காட்டிக்கொடுத்தார். அதைச் சொல்ல அந்த வார்டில் யாருக்கும் நேரமில்லை. இந்தத் தடவை வைப்பேனா என்றால், தெரியாது. முதல் சிசேரியனுக்குப் பிறகு சுகப் பிரசவத்துக்கு முயற்சி செய்ய நினைக்கிறேன். பழைய தையல் விடும் ஆபத்து 200இல் ஒருவருக்குப் போல இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், தொடர்ந்து துடிப்பைக் கண்காணிக்கும் இடமாக, உடனே ஆபரேஷன் செய்ய முடிகிற இடமாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு இப்போது பெரிய கவலை மருத்துவமனைதான், டூலா அதற்கு அப்புறம்.

தறிநாடாவுக்கு நான் கேட்கச் சொல்வது: உங்கள் டூலா கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும். அன்றைக்கே அவருக்கு வேறொரு பிரசவம் இருந்தால் யார் வருவார்? தேதிக்கு முன்பே ஆபரேஷன் என்று முடிவானால் எவ்வளவு பணம் திரும்பும்? இவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். நல்ல டூலா என்றால் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

ஆண்களும் இங்கே எழுதலாம்தானே? மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், ஜி.எச்.சில்தான் பார்க்கிறோம். வெள்ளிப் பட்டறை வேலை, இருபத்தைந்தாயிரத்துக்கெல்லாம் வழியில்லை. கூட நானே இருக்க விடுவார்களா?

கிராம_செவிலி

அண்ணா, பணம் எதற்கு? அரசு மருத்துவமனையில் பிரசவத் துணைக்கு ஒரு ஆளை அனுமதிக்க வேண்டும் என்று 2016லேயே மத்திய அரசு வழிகாட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பிருந்தே இந்த வழக்கம் உண்டு. துணைக்கு வருகிறவர் பெண்ணாக, தானே பிரசவ வலியைப் பார்த்தவராக, தொற்று நோய் எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். சுத்தமான துணி, கடைசிவரை கூடவே இருப்பது, அடுத்த கட்டில் விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது. இவ்வளவுதான் நிபந்தனை. லேபர் ரூமில் ஒவ்வொருவருக்கும் தனி மறைப்பு இருந்தால் கணவரையும் விடலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. நடைமுறையில் கூட்டமான வார்டில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள், பக்கத்துக் கட்டில் பெண்ணையும் நினைக்கணும் இல்லையா? அக்காவோ அண்ணியோ இருந்தால் இப்போதே பேசி வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட பரிந்துரையில், பிரசவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் வாய்ப்பு வேண்டும் என்கிறது. "அவளுக்குப் பிடித்த" என்பதைக் கவனியுங்கள். மாமியார் விரும்புகிறவர் என்று இல்லை. செக்கப்புக்கு வருகிற பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு யார் வரணும்?" என்று கேட்பேன். பாதிப் பேர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

அண்ணா, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் ஆர்.சி.எச். எண் வாங்கிவிட்டீர்களா? பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

எண் வாங்கியாச்சு. என் அக்காவிடம் கேட்கிறேன். நன்றிங்க.

தறிநாடா

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் கேட்டுவிட்டேன். லேபர் ரூமுக்குள் ஒரே ஒரு ஆள், பெண்ணாக இருக்க வேண்டும். டூலாவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அப்போது அத்தை வெளியே. டாக்டர் சொன்னது: "யார் வந்தாலும் எனக்குச் சரி. வெளியே போங்கன்னு சொன்னா அந்த நிமிஷமே போகணும்." எண்கணிதன் சார் சொன்ன கேள்வியையும் கேட்டேன். எண் சொல்லவில்லை. "வலி தானா வந்தா முடிஞ்சவரைக்கும் காத்திருப்போம், தேதிக்கு மேல ஒரு வாரம் தாண்டினா பேசலாம்" என்றார். முகம் மாறவில்லை சார், சிரித்தார். நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டதற்கு இரண்டுக்கும் சரி என்றார். இது எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் என் சித்தி மகளுக்கு வேறொரு மருத்துவமனையில் வலி வந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஆக, டூலாவா அத்தையா என்று ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கோயம்புத்தூர்க்காரரிடம் இதை அப்படியே சொன்னேன். ராத்திரி வலி எடுத்தால் அவர் வந்து சேர்வதற்குள் நான் உள்ளே போயிருக்கவும் கூடும் என்று அவரே ஒத்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: எனக்கும் அத்தைக்கும் சேர்த்து வகுப்பு மட்டும், குழந்தை பிறந்த பிறகு பால் கொடுக்க உதவ ஒரு தடவை வருவது, மொத்தம் 8,000 ரூபாய். பிரசவத்துக்கு அவர் வர மாட்டார்.

முதல் வகுப்பு நடந்துவிட்டது. அத்தை முதலில் கேட்டதே, "உனக்கு எத்தனை பிள்ளைம்மா?" ஒன்று என்றார் அவர். "எனக்கு மூணு" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் இடுப்பு அழுத்தத்தை என் மேல் செய்து பார்க்கச் சொன்னபோது, சிஸ்டர், நீங்கள் எழுதியதுபோலவேதான். முதலில் தடவிக் கொடுத்தார், எரிச்சலாக இருந்தது. சாய்ந்து அழுத்தச் சொன்னதும் என்னமோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. வலியே இல்லாதபோது இப்படி என்றால் வலியில் எப்படி இருக்குமோ. வலி இல்லாத இடைவெளியில் பேசக் கூடாது என்பதுதான் அத்தைக்குக் கஷ்டமாக இருக்கிறது. "அப்ப நான் என்ன பண்ணட்டும், சாமி கும்பிடட்டுமா?" என்றார். மனதுக்குள் கும்பிடலாம் என்று டூலா அனுமதி கொடுத்துவிட்டார்.

அம்மா ஒன்பதாம் மாதம் கீழே வருகிறார். ஏற்காடு போகவில்லை, வாழவந்தி அக்கா. மிச்சப் பணத்தில் சமையலுக்கு ஆள் வைப்பது என்று முடிவு. ஆக அழகாபுரம் அம்மணியின் கட்சியும் பாதி ஜெயித்தது.

அழகாபுரம்_அம்மணி

பாதி இல்லை, முக்கால். சமையலுக்கு ஆளை இப்போதே சொல்லி வையுங்கள். தை பிறந்தால் கல்யாண சீசன், கை தேர்ந்தவர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

ரெண்டாவது_ரவுண்டு

எட்டாயிரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. பால் கொடுக்க உதவ வருவதைப் பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பால் கட்டி மார்பு கல்லாக இருக்கும். பத்து நாள் கழித்து வந்து பிரயோஜனம் இல்லை.

பழைய_சிஸ்டர்

நல்ல முடிவு கண்ணு. இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று: டாக்டர் வாயால் சொன்னது போதாது. பகலில் டாக்டர் சரி என்பார், ராத்திரி ஒரு மணிக்கு வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்கும் டூட்டி சிஸ்டருக்கும் அது தெரியாது. அடுத்த செக்கப்பில் உன் ஃபைலிலேயே "துணைக்கு ஒரு பெண் அனுமதி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கு. அத்தைக்கு வயசாச்சு. முதல் பிரசவம் ஒரு முழு நாள்கூட இழுக்கும். நடுவில் அத்தை வெளியே போய்ச் சாப்பிட்டுவர, அந்த நேரத்துக்கு அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, ஆள் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

இரண்டு: வலிக்கணக்குப் பார்த்து வீட்டில் இருப்பதெல்லாம் மற்றது எல்லாம் சரியாக இருக்கும்வரைதான். பனிக்குடம் உடைந்தால், அதிலும் நீர் பச்சையாக வந்தால், ரத்தப்போக்கு இருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், வலி வந்ததா வரவில்லையா என்று பார்க்காமல் உடனே கிளம்பு. வண்டி இல்லையென்றால் 108. இதை அத்தையிடமும் சொல்லி வை, தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டினாலும் சரி.

தறிநாடா

திங்கள்கிழமை செக்கப், ஃபைலில் எழுதி வாங்கிவிடுகிறேன் சிஸ்டர். அத்தை உள்ளே வரும்போது என்ன எடுத்துவரணும் என்று கேட்கச் சொன்னார்.

பழைய_சிஸ்டர்

துவைத்த காட்டன் புடவை இரண்டு, உள்ளே போட ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில் மூடியில் உறிஞ்சு குழாய் வைத்தது, முகம் துடைக்கச் சின்னத் துண்டு. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வரணும், அழுத்தும்போது உனக்குத்தான் குத்தும்.